ஓடாத நேரத்திலும் ஓடுகிறேன்: வழக்கமான நாளுக்குள்ளேயே ஓய்வு காண்பது எப்படி?

செங்காங்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. சிங்கப்பூரில், செங்காங் வட்டாரத்தில் நான்கறை வீட்டில் குடியிருக்கிறோம். நகரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவரும் வேலைக்குச் செல்கிறார். மகள் தொடக்கநிலை ஆறில் படிக்கிறாள், இந்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுத வேண்டும். மகன் தொடக்கநிலை மூன்றில் இருக்கிறான். மாமியார் எங்களுடன்தான் இருக்கிறார். காலை ஐந்து மணிக்கு எழுந்தால் சமையல், பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பும் உணவு, மாமியாருக்கு மருந்து, எல்ஆர்டி என்னும் இலகு ரயில், அங்கிருந்து வடகிழக்குப் பாதை ரயில், அலுவலகம், மீண்டும் அதே வழியில் வீடு, துணிமணி, மகனின் வீட்டுப்பாடம், மகளைத் துணைப்பாட வகுப்பிலிருந்து அழைத்து வருவது என்று இரவு பதினொன்று வரை போகிறது. இதில் புதுமை ஒன்றும் இல்லை என்பதும், இங்கே எழுதுபவர்களில் பலருக்கு இதே கதைதான் என்பதும் எனக்குத் தெரியும்.

என்னை எழுத வைத்தவை இரண்டு நிகழ்ச்சிகள். ஜூன் விடுமுறையில் நான்கு நாள் விடுப்பு எடுத்து, எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்தேன். இரண்டாம் நாள் பகலில் சமையலறைத் தொட்டியின் அருகில் நின்றபடியே தட்டைக் கையில் பிடித்துச் சோற்றை அள்ளி விழுங்கிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் குடிக்க வந்த மகள் என்னைப் பார்த்து, "யாராவது வரப்போகிறார்களா அம்மா?" என்று கேட்டாள். யாரும் வரவில்லை. எனக்குப் போக வேண்டிய இடமும் இல்லை. அவள் கேட்டதற்குப் பதில் தெரியாமல் சிரித்துச் சமாளித்தேன்.

அடுத்தது மின்தூக்கியில் நடந்தது. உள்ளே நுழைந்தவுடன் கதவை மூடும் பொத்தானை அழுத்துவது என் கைக்குப் பழகிப்போயிருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை, எதிர்வீட்டுப் பாட்டி சந்தைக்கூடையை இழுத்துக்கொண்டு ஐந்தடி தூரத்தில் வருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அதை அழுத்திவிட்டேன். கதவு கூடையில் இடித்துத் திறந்தது. பாட்டி என்னிடம் மன்னிப்புக் கேட்டார்; கேட்க வேண்டியவள் நான். அன்று முழுவதும் மனம் ஒரு நிலையில் இல்லை.

அதன் பிறகு சமூக மன்றத்தில் புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு நடக்கும் தியான வகுப்பில் சேர்ந்தேன். ரயிலிலிருந்து இறங்கி மூச்சிரைக்க ஓடிப் போய்த்தான் வகுப்பில் உட்கார முடிகிறது. உட்கார்ந்தபின் மகளை அழைக்கப் போக வேண்டிய நேரத்தைத்தான் மனம் எண்ணுகிறது. வேலையை விடவோ ஊரை விட்டுப் போகவோ வழியில்லை. இதே நாளுக்குள், இதே வேலைகளோடு, சற்று அமைதியாக இருக்க யாருக்காவது வழி கிடைத்திருந்தால் சொல்லுங்கள். இது என் சுபாவமா, அல்லது இந்த ஊர்க் காற்றிலேயே இருக்கிறதா என்பதும் எனக்குக் குழப்பமாக இருக்கிறது.


கிழக்குக்கரை நடையன் எழுதியது:

வணக்கம் சகோதரி. ஊர்க் காற்றா என்று கேட்டீர்கள். 2006இல் ரிச்சர்ட் வைஸ்மன் என்ற பிரிட்டிஷ் உளவியல் பேராசிரியர் உலகின் 32 நகரங்களில் மக்களின் நடைவேகத்தை அளந்தபோது, 60 அடி தூரத்தைச் சராசரியாக 10.55 விநாடிகளில் கடந்து முதலிடம் பிடித்தவர்கள் நாம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் இரண்டாவதாக வந்த நகரம் கோப்பன்ஹேகன். அந்த ஊர் மக்களைப் பதற்றக்காரர்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே கால் வேகமாக நடப்பதை நான் பெரிய குற்றமாக நினைப்பதில்லை. கால் நின்ற பிறகும் மனம் நடந்துகொண்டிருந்தால் அதைத்தான் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1982 ஜனவரி 1 முதல் நம் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளப்பட்டு, கிரீன்விச் நேரத்தைவிட 8 மணி நேரம் முந்தியவையாக ஆக்கப்பட்டன. இந்தத் தீவு இருக்கும் தீர்க்கரேகையைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 7 மணி நேரம்தான் முந்தியிருக்க வேண்டும். அதனால்தான் ஆண்டு முழுவதும் நமக்குச் சூரியன் காலை ஏழு மணியளவில் உதிக்கிறது, உச்சிப்பொழுது பகல் ஒரு மணியை ஒட்டி வருகிறது. நீங்கள் ஐந்து மணிக்கு எழும்போது சூரியனின் கணக்கில் அது நான்கு மணி. இருட்டில் எழுந்து, விளக்கொளியில் சமைத்து, இருள் பிரியும் முன்பே பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடும் ஒருவரிடம் விடியற்காலையில் தியானம் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே கணக்கு மாலையில் நமக்குச் சாதகமாக இருக்கிறது. ஆறரைக்கு வீடு திரும்பினாலும் வெளிச்சம் மிச்சமிருக்கும். ஒரு நிறுத்தம் முன்பாக இறங்கி நடந்து பாருங்கள்.

நடக்கும்போது எண்ணாதீர்கள் என்பதைச் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். இதயத்துக்கு நல்லது என்று மருத்துவர் சொன்னதால் நடக்கத் தொடங்கிய நான், கைக்கடிகாரம் காட்டும் பத்தாயிரம் காலடிக்காக இரவு பதினொரு மணிக்கு எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் தூண்களைச் சுற்றிச் சுற்றி வந்தவன். பூனைகள்கூட என்னை விநோதமாகப் பார்த்தன. கடிகாரத்தை வீட்டில் கழற்றி வைத்த பிறகுதான் கிழக்குக் கடற்கரையில் கப்பல்கள் நிற்பதே என் கண்ணில் பட்டது.

மின்படிக்கட்டைப் பற்றியும் ஒரு சொல். நம் ரயில் நிலையங்களில் அது பெரும்பாலும் விநாடிக்கு 0.75 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கடைத்தொகுதிகளில் வழக்கமாக 0.5 மீட்டர். அந்த வேகத்திலும் நாம் வலப்பக்கமாக ஏறி ஓடுகிறோம். அடுத்த ரயில் இரண்டு மூன்று நிமிடத்தில் வந்துவிடும் என்று தெரிந்தும் ஓடுகிறோம். இடப்பக்கம் நின்றுகொள்ளுங்கள். அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.


ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

அன்புள்ள செங்காங் சகோதரிக்கு, முப்பத்தொரு ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வுபெற்றவள் நான். ஓய்வு பெற்ற முதல் மாதத்தில் காலை ஏழரைக்குத் தேசிய கீதம் ஒலிக்கும் நேரத்தில் வீட்டுக் கூடத்தில் என்னையறியாமல் எழுந்து நின்றிருக்கிறேன். எனவே நேரம் கிடைத்துவிட்டால் அமைதி தானாக வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கையில் ஒரு நாள் முழுவதும் இருந்தபோதும் பத்து மணிக்குள் எல்லா வேலையையும் முடித்துவிட்டு, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரிகளை மீண்டும் மீண்டும் துடைத்தவள் நான்.

நம் மொழியில் "சும்மா" என்றொரு சொல் இருக்கிறது. அடியார்களும் சித்தர்களும் சும்மா இருப்பதைப் பெறுவதற்கரிய நிலையாகப் பாடி வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் அதே சொல் வசவாகப் புழங்குகிறது. "ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறாய், போய்ப் புத்தகத்தை எடு" என்று எத்தனை ஆயிரம் முறை நானே வகுப்பில் சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. இப்படி வளர்ந்த நம்மிடம் யாராவது திடீரென்று கண்ணை மூடிச் சும்மா இருங்கள் என்றால், உள்ளே ஒரு குரல் நம்மைத் திட்டத்தான் செய்யும். எனவே உங்கள் புதன்கிழமை வகுப்பின் மீது எனக்குக் குறையில்லை என்றாலும், இப்போதைக்கு அதை விட்டுவிடுவதே நல்லது என்று நினைக்கிறேன். நாளில் இன்னொரு சந்திப்பு நேரத்தைக் கூட்டி ஓய்வைத் தேடுவது, நிரம்பிய பையில் தலையணையைத் திணிப்பதைப் போன்றது.

எனக்கு வழி கிடைத்தது வேறு விதமாக. வெள்ளிக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவின் பஃபலோ ரோட்டுக்குச் சென்று கட்டிய சரம் வாங்கிவருவது என் வழக்கம். ஒரு நாள் சரம் தீர்ந்துபோய், உதிரி மல்லிகைதான் இருந்தது. வாங்கி வந்து கூடத்தில் தாளை விரித்துக் கொட்டிக்கொண்டு, என் அம்மா கட்டியதை நினைவில் கொண்டு கட்டத் தொடங்கினேன். இரண்டு மொட்டுகளை ஒரு பக்கம் தலைவைத்தும் இரண்டை மறுபக்கம் தலைவைத்தும் காம்புகள் நடுவில் சந்திக்கும்படி இடக்கை விரல்களுக்கிடையில் பிடித்து, நூலை அவற்றின் மீது ஒரு சுற்றுச் சுற்றி, விரலால் ஒரு வளையம் எடுத்து, காம்புகளின் மேல் மாட்டி இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் காம்பு ஒடியும். தயங்கி இழுத்தால் முடிச்சு தளர்ந்து, நான்கு பிடி கட்டிய பிறகு முதல் பிடி கழன்று மடியில் விழும். முதல் நாள் ஒரு முழம் கட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதிலும் பாதி கழன்றது. அந்த ஒரு மணி நேரத்தில் நான் வேறு எதையும் நினைக்கவில்லை என்பது எழுந்திருக்கும்போதுதான் தெரிந்தது.

எனக்குத் தோன்றியது இதுதான். சில வேலைகள் நம் அவசரத்துக்கு உடன்படுகின்றன, சில உடன்படுவதில்லை. பாத்திரத்தைப் படபடவென்று கழுவிவிடலாம். மின்னஞ்சலுக்கு நின்றபடியே பதில் எழுதிவிடலாம். பூக்கட்டுவதும் கோலத்துக்குப் புள்ளி வைப்பதும் கீரை ஆய்வதும் அப்படி அல்ல, அவற்றுக்கு அவற்றின் வேகம்தான். ஒட்டுக்கோலத்தை வாசலில் ஒட்டிவிட்டு நிமிடத்தை மிச்சப்படுத்தினோம் என்று நினைக்கிறோம், ஆனால் மிச்சம் பிடித்த அந்த நிமிடத்தை எங்கே வைத்தோம் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. உங்கள் நாளில் ஏற்கெனவே இருக்கும் வேலைகளில் அவசரத்துக்கு உடன்படாத ஒன்றைத் தேடிப் பிடித்து, அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட ஏறத்தாழ இருபது நிமிடம் பிடிக்கும் என்பார்கள். நின்றுகொண்டு ஐந்து நிமிடத்தில் விழுங்குபவருக்கு, தாம் சாப்பிட்டுவிட்டோம் என்பதே தெரிய வழியில்லை. ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது, தட்டை மேசையில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, கைபேசியை வேறு அறையில் விட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். மகள் எதிரில் உட்கார்ந்தால் இன்னும் நல்லது, கேட்டவள் அவள்தானே.


இரவுப்பணித் தம்பி எழுதியது:

அக்காவுக்கும் ஆசிரியை அம்மாவுக்கும் வணக்கம். மேலே எழுதப்பட்டவை அனைத்தும் உண்மை என்றே நானும் நினைக்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மெதுவாக வாழுங்கள் என்ற அறிவுரையைப் பெறுகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அவருடைய நேரம் அவர் கையில்தான் இருக்கிறதா என்பது.

முன்பு நான் ஒரு கிடங்கில் முறைமாற்றிப் பணிசெய்தேன். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. அடுத்த வாரத்துக்கான பணி அட்டவணை ஞாயிறு மாலையில்தான் வாட்ஸ்அப் குழுவில் வரும். ஓய்வு நாளிலும் மேற்பார்வையாளர் கேள்வி அனுப்புவார். அரை மணி நேரத்தில் பதில் வராவிட்டால் பெயரைக் குறிப்பிட்டு இன்னொரு முறை அனுப்புவார். குளிக்கும்போதும் கைபேசியைக் கண்ணில் படும்படி வைத்திருந்தேன். அந்த நிலையில் என்னிடம் யாராவது மூச்சைக் கவனி என்று சொல்லியிருந்தால் கோபம்தான் வந்திருக்கும்.

வேலை நியமனச் சட்டத்தின்படி வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்தாக வேண்டும்; முறைப்பணி செய்பவருக்கு அது தொடர்ச்சியாக 30 மணி நேரமாக இருக்கலாம். மிகைநேர வேலை மாதத்துக்கு 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் பொதுவாக உண்டு. ஆனால் இந்தப் பகுதி எல்லாருக்கும் பொருந்தாது. அடிப்படை மாதச் சம்பளம் 4,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை உள்ள உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கும், 2,600 வெள்ளி வரை உள்ள மற்ற ஊழியர்களுக்கும்தான் பொருந்தும். அக்கா கணக்குப் பிரிவில் இருப்பதால் பெரும்பாலும் இதற்கு வெளியே இருப்பீர்கள். உங்களுக்குப் பயன்படக்கூடியது வேறு. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வகுத்து, 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் முத்தரப்பு வழிகாட்டுதல்களின்படி, நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை நீங்கள் எழுத்துபூர்வமாகக் கேட்கலாம். நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும். கேட்டது கிடைத்தே தீரும் என்று அதில் இல்லை. மறுத்தால் தொழில் தொடர்பான காரணம் சொல்ல வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் ஏழு மணிக்குப் பதில் எட்டு மணிக்குக் கிளம்ப முடிந்தால் உங்கள் காலைப்பொழுதின் முகமே மாறிவிடும்.

நானும் கேட்டேன். பணி அட்டவணையை இரண்டு வாரம் முன்கூட்டியே தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். கிடைக்கவில்லை. பிறகு வேறு இடத்துக்கு மாறினேன். இப்போது நிலையான இரவுப்பணி, சம்பளம் சற்றுக் குறைவு, ஆனால் அடுத்த மாதம் எந்த நாளில் தூங்குவேன் என்பது தெரியும். காலையில் வேலை முடிந்ததும் கோப்பிக்கடையில் தே ஹாலியா எனும் இஞ்சித் தேநீர் ஒன்று வாங்கி, கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, கோப்பை காலியாகும் வரை உட்கார்ந்திருப்பேன். பக்கத்து மேசையில் நாளிதழை வரி விடாமல் படிக்கும் சீனத் தாத்தாவும் நானும் இரண்டு ஆண்டுகளாகத் தலையசைத்துக்கொள்கிறோம். பெயர் தெரியாது. அந்த இருபது நிமிடம் எனக்கு நிம்மதியாக இருப்பதற்குக் காரணம், அதன் பிறகு யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்பது.


தோபாயோ அத்தை எழுதியது:

எல்லாரும் நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் கேள்வியை மறுபடியும் படித்துப் பார்த்தேன். சமையல், மருந்து, வீட்டுப்பாடம், துணைப்பாடம், துணி, இத்தனையும் வருகின்றன. கணவர் மட்டும் ஒரே வரியில் வேலைக்குச் சென்றவர் திரும்பி வரவே இல்லை. அவர் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருகிறார் என்று தெரிந்துகொள்ளலாமா?


செங்காங்வாசி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். தோபாயோ அத்தையின் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். பிறகு கணவரிடமே காட்டினேன். அவர் படித்துவிட்டு, "ஏழரைக்கு வருகிறேன் என்று எழுதிவிடு" என்றார். எழுதிவிட்டேன்.

செய்து பார்த்தவற்றில் தோற்றவற்றை முதலில் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். 1859இல் உருவாகி, 2015இல் உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்ட தோட்டத்தை இத்தனை ஆண்டுகளில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறோம் என்பதே எனக்கு உறுத்தலாக இருந்தது. காலை ஐந்து மணி முதல் நள்ளிரவு வரை கட்டணமின்றித் திறந்திருக்கும் இடத்துக்கு, பதினொரு மணிக்குத் துணைப்பாட வகுப்பை வைத்துக்கொண்டு ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அன்னக்குளம், இசைமேடை, ஆர்க்கிட் தோட்டத்தின் வாசல், எல்லா இடத்திலும் படம் எடுத்துவிட்டு ஓடி வந்தோம். மகன் ஓர் உடும்பைக் கண்டு நின்றுவிட்டான். அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். இரவில் படங்களைப் பார்த்தபோது அந்த உடும்பு மட்டும் எதிலும் இல்லை.

நிலைத்தவை சிறியவை. மின்தூக்கியில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். முதல் நாள், கதவு தானாக மூட எவ்வளவு நேரம் ஆகிறது என்று மனத்துக்குள் எண்ணினேன். ஐந்து எண்ணி முடிப்பதற்குள் மூடிக்கொண்டது. இந்த ஐந்துக்காகவா பாட்டியின் கூடையை இடித்தேன் என்று தோன்றியது. புதன்கிழமை வகுப்பை விட்டுவிட்டேன். அன்று இரவு உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

பெரிய சோதனை துணியில் வந்தது. துணி துவைத்துக் காயப்போடும் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொண்டார். அவர் ஒவ்வொரு சட்டையையும் கூடையிலிருந்து எடுத்து, இரண்டு முறை உதறி, தோள்பட்டைத் தையலை விரலால் நீவி, கழியில் மாட்டி, கவ்வியைப் போட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கிறார். நான் பத்து நிமிடத்தில் முடிப்பதற்கு அவருக்கு அரை மணி நேரம் ஆகிறது. சமையலறை வாசலில் நின்று பார்த்த எனக்குக் கை துறுதுறுத்தது, பல் கடித்தது, ஒரு நாள் போய்ப் பிடுங்கியும் விட்டேன். அப்போதுதான் புரிந்தது, என்னுடைய வேகத்தைவிட அடுத்தவருடைய மெதுவைத் தாங்க முடியாததுதான் என் வியாதி. மாமியாரின் மருந்து டப்பா, மகன் பென்சில் சீவுவது, கடையில் சில்லறை எண்ணும் பெரியவர், எல்லாவற்றிலும் எனக்கு இதே பல்கடிப்பு இருந்திருக்கிறது.

சென்ற சனிக்கிழமை மாமியாரோடு சந்தைக்குச் சென்றேன். சாலையைக் கடக்கும் இடத்தில் அவர் தம் மூத்தோர் அட்டையைக் கம்பத்திலிருந்த கருவியில் தட்டினார். 2009இல் தொடங்கப்பட்ட இந்த வசதியில் சாலையின் அகலத்துக்கேற்ப 3 முதல் 13 விநாடிகள் வரை பச்சை விளக்கு கூடுதலாக எரியும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் வழக்கமாக நான் முன்னால் கடந்துபோய் எதிர்ப்பக்கத்தில் நின்று அவருக்காகக் காத்திருப்பேன். அன்று அவர் பக்கத்திலேயே நடந்தேன். பேருந்தும் லாரியும் டாக்சியும் நிற்க, நாங்கள் இருவரும் வெயிலில் நடந்தோம். நடுவில் அவர் கீரை விலையைப் பற்றி ஏதோ சொன்னார். நின்று கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது, நிற்கவில்லை.

இனி இரண்டு கேள்விகள். பகல் இப்படிச் சற்றுத் தணிந்திருந்தாலும் இரவில் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, மார்பு படபடக்கிறது, மறுநாள் வேலைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. இதற்கு என்ன செய்யலாம்? ஆசிரியை அம்மாவுக்கு ஒரு கேள்வி: பூக்கட்டப் பார்த்தேன், ஐந்து பிடிக்கு மேல் போகவில்லை, எல்லாம் கழன்று விழுகிறது. மகளும் நானும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்துவிட்டோம்.


வார்டு தாதி எழுதியது:

வணக்கம் அக்கா. மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். ஆனாலும் நேரில் பார்க்காமல் இது இன்னதுதான் என்று சொல்ல முடியாது. நாற்பதைக் கடந்த பெண்களுக்கு இரவில் படபடப்பும் விழிப்பும் வருவதற்குத் தைராய்டு, இரத்தச்சோகை, மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய மாற்றங்கள் என்று உடல் சார்ந்த காரணங்களும் இருக்கலாம். சில வாரமாகத் தொடர்கிறது என்றால் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பார்த்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இதை மனத்தின் அவசரம் என்று நீங்களாகவே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. பெரிய சிக்கல் வந்தால்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை.

அந்த மூன்று மணிக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஓய்வாக இருக்கும்போது பெரியவர்கள் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டு முறை வரை மூச்சு விடுகிறோம். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது, உள்ளே இழுக்கும்போது சற்றுக் கூடுகிறது. அதனால் இழுப்பதைவிட விடுவதை நீட்டினால், நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்குத் தணிந்து வரும்போது துடிப்பும் கூடவே தணியும். கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டாம். நடையன் ஐயா எழுதிய பத்தாயிரம் காலடியின் கதையாகிவிடும். சூடான தேநீரை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மெல்ல விடுங்கள். இருபது நிமிடத்தில் தூக்கம் திரும்பாவிட்டால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து கூடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். அந்த நேரத்தில் பாத்திரம் கழுவக் கிளம்பிவிடாதீர்கள். உங்களை நம்ப முடியாது என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.


ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

தாதித் தங்கை சொன்னபடி முதலில் மருத்துவரைப் பாருங்கள். பூவுக்கு வருகிறேன். நீங்கள் வீட்டிலிருக்கும் தையல் நூலில் கட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது வழுக்கும், மெல்லிய காம்பை அறுத்தும் விடும். வாழைநார் கிடைத்தால் அதையே வாங்கி, கிழித்து, கட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் பூக்கடையிலேயே பூக்கட்டும் பருத்தி நூல் கேளுங்கள், அதையும் ஈரக்கையோடு பிடித்துக் கட்டுங்கள். வளையத்தை மாட்டியவுடன் இழுத்துவிடாமல், காம்புகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பிறகு இழுக்க வேண்டும். ஒருவர் கட்ட, மற்றவர் மொட்டுகளை இரண்டிரண்டாக எடுத்துக் கொடுத்தால் கை அவசரப்படாது. எடுத்துக் கொடுக்கும் வேலையை நீங்கள் வைத்துக்கொண்டு, கட்டுவதை மகளிடம் விடுங்கள். அவள் மெதுவாகத்தான் கட்டுவாள்.